ஹீட் டெஸ்ட், காட்டரி முனை: பல்லிலும் ஈறிலும் சூட்டை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

வேர்நுனி:
இப்படியொரு நிலைமையை வைத்துப் பேசுவோம். மேல் தாடையில் ஒரே பக்கத்தில் நான்கு பற்கள் சந்தேகத்தில் இருக்கின்றன, அதில் மூன்றுக்குக் கிரவுன் (பல்லின்மேல் மாட்டிய உறை). குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொல்லை இல்லை. சூடாகக் குடித்தால் மட்டும் சில நொடி கழித்து வலி கிளம்பி நிமிடக்கணக்கில் நிற்கிறது. எந்தப் பல் என்று நோயாளியால் காட்ட முடியவில்லை. எக்ஸ்ரேயில் வேர்நுனி சுத்தம், தட்டிப் பார்த்தாலும் வலி இல்லை.

பல்லுக்குச் சூடு காட்டி வலியைத் தேடும் ஹீட் டெஸ்டுக்கு, கட்டா பெர்ச்சா (வேரை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) குச்சி, நெருப்பில் காட்டிய பர்னிஷர் (தேய்த்து வழவழப்பாக்கும் உலோகக் கருவி), மின்சார ஹீட் முனை, வெந்நீர் என்று வழிகள் நிறைய உண்டு. இந்த வாய்க்கு எது சரி, ஏன்?

இன்னொன்று. கட்டா பெர்ச்சாவை உருக்க வைத்திருக்கும் அதே மின்சாரக் கருவியின் பிளக்கர் முனையால் (அழுத்தி அடைக்கும் மெல்லிய முனை), சொத்தைக் குழிக்குள் வளர்ந்து நிற்கும் ஈறைச் சுட்டு எடுக்கலாமா?

மேசைவிளக்கு:
முதல் கேள்விக்கு என் பதில் வெந்நீரும் ரப்பர் டேமும்தான் (ஒரு பல்லை மட்டும் வெளியே விட்டு மற்றதை மறைக்கும் ரப்பர் விரிப்பு). காரணம் கிரவுன். குச்சியோ பர்னிஷரோ ஒரு புள்ளியில் மட்டும்தான் தொடும். போர்சலினும் சிர்கோனியாவும் அந்தச் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும்; ஐந்து நொடித் தொடுதலில் டென்டினுக்கு (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பகுதி) எதுவுமே போய்ச் சேராமல் இருக்கலாம். வெந்நீர் பல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் நிற்கும், கிரவுன் விளிம்புக்குக் கீழே தெரியும் வேரையும் தொடும். நோயாளிக்கு வலியைக் கிளப்புவதும் அதே மாதிரிச் சூடுதானே.

செய்முறை: ஊசி போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். மரத்துப்போன வாயில் சோதனைக்கும் அர்த்தமில்லை, டேமுக்குக் கீழே தண்ணீர் கசிந்தால் சுடுவதும் நோயாளிக்குத் தெரியாது. ஒரு துளை மட்டும் போட்ட டேமை ஒரே பல்லில் மாட்டுங்கள். முதலில் சந்தேகமே இல்லாத ஒரு பல், எதிர்ப்பக்கத்தில் அதே பல்லாக இருந்தால் நல்லது. அவருடைய சாதாரண உணர்வு எது என்று அதில்தான் தெரியும். பிறகு சந்தேகப் பக்கத்தில் கடைசிப் பல்லிலிருந்து முன்னோக்கி வாருங்கள். பின்னால் ஊற்றியது முன்னால் வழிந்து குழப்பாது. சிரிஞ்சை ஊற்றும் நேரத்தில் மட்டும் நிரப்புங்கள், நிரப்பி வைத்தால் ஆறிவிடும். தண்ணீர் 55 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், தெர்மாமீட்டர் வைத்து அளந்துகொள்ளுங்கள். 60 டிகிரித் தண்ணீர் தோலில் 5 நொடி நின்றாலே ஆழமாகப் பொசுக்கும், 55 டிகிரியில் அதற்கு அரை நிமிடம் ஆகும். அந்த 5 டிகிரி வித்தியாசம்தான் டேம் கசிந்தால் காப்பாற்றும். பக்கத்தில் சக்‌ஷன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். வலி வந்த கணமே தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். ஊற்றியதும் வலி சட்டென்று அடங்கினால் தேடிய பல் அகப்பட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

அவசரப்பட்டால் எல்லாம் கெடும். ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சில நிமிடம் விடுங்கள். சூட்டு வலி தாமதமாக வரும் வலி. மூன்றாவது பல்லில் ஊற்றும்போது முதல் பல்லின் வலி வந்து சேர்ந்தால் தவறான பல்லைத் திறக்க நேரிடும்.

கடைவாய்:
வெந்நீர் முறையை மறுக்கவில்லை. ஆனால் கிரவுன் இல்லாத பல்லுக்குக் குச்சி போதும், நேரமும் மிச்சம். ஒழுங்காகச் செய்யப்படாததால்தான் அதற்குக் கெட்ட பெயர்.

கெனாலை (வேருக்குள் ஓடும் குழாய்) அடைக்கும் மெல்லிய கோனை எடுக்காதீர்கள், பல்லுக்குக் கொண்டுபோவதற்குள் ஆறிவிடும். தடித்த குச்சிதான் வேண்டும். ஸ்பிரிட் விளக்கின் சுடரில் நேராகக் குத்தாமல் ஓரத்தில் உருட்டி உருட்டிக் காட்டுங்கள். நுனி மங்கலாக இருந்து பளபளப்பாகும், பிறகு லேசாகத் தொங்கும். அந்தத் தருணம்தான் சரி, ஏறக்குறைய 65 டிகிரி. புகை வந்துவிட்டால் மிஞ்சிவிட்டது. அந்த நுனியைக் கிள்ளிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

பல்லைக் காஸ் துணியால் ஒற்றி உலர்த்துங்கள், ஏர் அடிக்க வேண்டாம், அதுவே ஒரு தூண்டல். மேலே மெல்லிசாக வாசலின். இதை விட்டால் உருகிய பொருள் எனாமலில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் கையை எடுத்தாலும் சூடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஒட்டிவிட்டால் சுரண்டிக்கொண்டு நிற்காமல் முதலில் ஈரக் காஸை அதன்மேல் அழுத்துங்கள். இறுகிய பிறகு எக்ஸ்கவேட்டரால் ஒரே துண்டாக வந்துவிடும்.

வைக்கும் இடம் கன்னப்பக்கத்தில் நடுப்பகுதி. நோயாளி கையைத் தூக்கியதும் எடுத்துவிட வேண்டும், தூக்காவிட்டாலும் 5 நொடிக்கு மேல் வேண்டாம்.

வேர்நுனி:
5 நொடி என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது? பல்ப் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள திசு) வெந்துவிடும் என்ற பயமா?

கடைவாய்:
பயம் பாதிதான். ஸாக், கோஹன் இருவரும் 1965ல் குரங்குப் பற்களில் செய்த ஆய்வைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். பல்ப்புக்குள் வெப்பம் 5.5 டிகிரி ஏறியபோது சுமார் 15 சதவீதப் பற்களில் பல்ப் மீளவில்லை, 11 டிகிரி ஏறியபோது 60 சதவீதம், 16.6 டிகிரியில் எல்லாமே போயின. ஆனால் 5 நொடி குச்சி வைத்தால் முழுமையான பல்லில் உள்ளே அவ்வளவு ஏறாது. டென்டின் மோசமான கடத்தி.

பெரிய காரணம் பதிலின் தெளிவு. சூடு பட்ட உடனே வரும் கூர்மையான உணர்வு ஏ-டெல்டா நரம்பிழைகளுடையது. சூட்டை அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தால் சி நரம்பிழைகளும் எழும்பி மந்தமான, நீண்ட வலியாக மாறும். ஆரோக்கியமான பல்லிலும் அப்படி வரவைக்கலாம். அதைப் பார்த்து ‘வலி நீடிக்கிறது, மீளாத பல்பைட்டிஸ் (குணமாகாத பல்ப் அழற்சி)’ என்று எழுதினால் அந்த நோயைக் கருவி கண்டுபிடிக்கவில்லை, நாமே உண்டாக்கினோம்.

பல்ப்பாடம்:
இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிரோபிரிட்ஜ் குழு 1980ல் காட்டியபடி, பல்ப்பும் டென்டினும் சேரும் எல்லையில் வெப்பநிலை மாறுவதற்கு முன்பே நோயாளி உணர்ந்துவிடுகிறார். அதாவது நரம்பு சூட்டை உணர்வதில்லை, டென்டின் குழாய்களில் திரவம் நகர்வதை உணர்கிறது. குளிர் பட்டால் திரவம் வெளிப்பக்கமாக வேகமாக ஓடும், சூட்டில் உள்பக்கமாக மெதுவாக நகரும். வெளிப்பக்க ஓட்டம்தான் ஏ-டெல்டாவை நன்றாக எழுப்பும். வழக்கமான பல்ப் சோதனைக்குக் குளிரையே முதலில் எடுக்கிறோம் என்றால் காரணம் இதுதான்.

ஆகவே எல்லாப் பல்லுக்கும் ஹீட் டெஸ்ட் என்று பட்டியலில் போட்டு வைப்பதை நான் ஏற்கவில்லை. மைனஸ் 26 டிகிரி ஸ்பிரேயை பஞ்சில் அடித்து வைத்தால் கிடைக்கும் பதில் அதைவிட நம்பகமானது. சூட்டால் வலி என்று நோயாளியே சொல்லும்போது அதே வலியைத் திரும்ப வரவைத்துப் பார்ப்பதற்கு மட்டும் ஹீட் டெஸ்ட். வேர்நுனி சொன்ன நோயாளிக்கு அது கட்டாயம் வேண்டும், சும்மா செக்கப்புக்கு வந்தவருக்கு வேண்டாம்.

பதில் வராவிட்டால் பல் செத்துவிட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். இந்தச் சோதனைகள் நரம்பைக் கேட்கின்றன, ரத்த ஓட்டத்தை அல்ல. அண்மையில் அடிபட்ட பல், கெனால் சுண்ணாம்பாகி அடைந்த பல், வேர் முழுதாக வளராத பல், இவை உயிரோடு இருந்துகொண்டே பேசாமல் இருக்கும். மறுபக்கம், பல வேர் உள்ள பல்லில் ஒரு கெனால் அழுகி மற்றொன்று உயிரோடு இருந்தால் ‘பதில் உண்டு’ என்றே வரும்.

தீச்சுடர்:
பர்னிஷரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. உருண்டை பர்னிஷரை நெருப்பில் காட்டி வைத்தால் ஒட்டாது, வாசலின் தேவையில்லை, எல்லா மேசையிலும் இருக்கிறது.

மேசைவிளக்கு:
ஒட்டாது, சரி. ஆனால் எவ்வளவு சூடு என்று உங்களுக்கே தெரியாது. கட்டா பெர்ச்சா தன் நிலையைப் பளபளப்பிலும் தொய்விலும் காட்டிக்கொடுக்கும். எஃகு சிவக்கிற வரைக்கும் ஒரே நிறத்தில் இருக்கும். சிவப்பு தெரிய ஆரம்பிப்பதே 500 டிகிரிக்கு மேல். அதற்குக் கீழே 80ம் 300ம் கண்ணுக்கு ஒன்றுதான். உதட்டோரத்தில் பட்டால் கொப்புளம், ஏற்கனவே விரிசல் இருக்கும் எனாமலுக்கும் நல்லதில்லை. திரும்பத் திரும்ப நெருப்பில் காட்டினால் கருவியின் பதமும் போகும். ரப்பர் கப்பைத் தண்ணீரில்லாமல் சுழற்றி உராய்வில் சூடாக்கும் பழைய பழக்கத்துக்கும் இதே குறைதான்: சூடு வரும், அளவு தெரியாது.

மின்சார முனை அந்த வகையில் மேல். ஆனால் ஹீட் டெஸ்டுக்கென்றே மொட்டையாக, அகலமாக வரும் முனையைப் போட வேண்டும். பிளக்கர் முனையைப் பல்லில் வைத்தால் ஊசி முனை அளவுதான் தொடும். முனைக்கும் பல்லுக்கும் நடுவில் வாசலினோ டூத்பேஸ்டோ இருக்கட்டும், காற்று இடைவெளி இருந்தால் சூடு தாண்டாது. திரையில் காட்டும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். அது கருவி முனைக்கு அனுப்ப நினைக்கும் வெப்பம். தொடும் இடத்தில் இருப்பது வேறு, பெரும்பாலும் குறைவு. எந்த அமைப்பில் வைத்தாலும் முதலில் ஆரோக்கியமான பல்லில் பதிலைப் பாருங்கள்.

ஈறுகாவலர்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வேண்டாம். உருக்கும் பிளக்கர் வேலை செய்வது 200 டிகிரி வாக்கில். ஈறுக்கு அது நடுவில் மாட்டிக்கொண்ட சூடு. திசு 60 டிகிரியில் வெந்து உறையும், 100ல் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகும், 200ஐத் தாண்டினால் கரியாகும். தண்ணீர் நிறைந்த ஈறில் 200 டிகிரி முனையை வைத்ததும் அது ஆறிப்போகும். வெட்டாமல் வேகவைக்கும், வெந்தது முனையில் ஒட்டும். நீங்கள் அழுத்துவீர்கள், நேரம் கூடும், சூடு பக்கவாட்டில் பரவும். எலும்பு பக்கத்தில் இருந்தால் அதுதான் ஆபத்து. எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் ஆய்வின்படி (1983) எலும்புக்கு எல்லை 47 டிகிரி, ஒரு நிமிடம். கொதிக்கும் தண்ணீரில் பாதிகூட இல்லை.

பேட்டரியில் ஓடும் காட்டரி (திசுவைச் சூட்டால் சுடும்) பேனாவின் கம்பி முனை வேறு வகை. சூடு குறைந்த வகையே 600 டிகிரியைத் தொடும், அதிகமானது 1200 வரை போகும். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் இவ்வளவு சூடான மெல்லிய கம்பி ஒரு நொடிக்கும் குறைவாகத் தொட்டு மேலோட்டமாக ஆவியாக்கிவிட்டு விலகிவிடும், ஆழத்துக்குச் சூடு இறங்க நேரமே இருக்காது. 200 டிகிரியில் பத்து நொடி அழுத்திப் பிடிப்பது இதைவிடக் கொடுமை.

கையாளும் விதம் முக்கியம். முனையைக் காற்றிலேயே சூடாக்குங்கள், நிறம் வந்த பிறகு தொடுங்கள். தூரிகையால் தடவுவதுபோல அழுத்தாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். எடுக்கும்போது சுவிட்சை விடாதீர்கள். முனை சூடாக இருக்கும்போதே திசுவிலிருந்து தூக்கி, அதற்குப் பிறகு அணையுங்கள். உள்ளே வைத்துக்கொண்டே அணைத்தால் உறைந்த ரத்தம் கம்பியில் பிடித்துக்கொள்ளும், இழுக்கும்போது அடைத்த ரத்தக்குழாயின் வாயைத் திரும்பத் திறந்துவிடும். ‘காட்டரி வைத்தும் ரத்தம் நிற்கவில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இதுதான்.

இன்னொரு பங்கு ரத்தக் குளம். ரத்தம் தேங்கியிருந்தால் முனை அந்தத் திரவத்தைக் கொதிக்கவைத்துக்கொண்டே இருக்கும், அடியில் திறந்திருக்கும் ரத்தக்குழாய்க்குச் சூடு போகாது. ஈரப் பஞ்சால் அழுத்தி, எடுத்த கணத்தில் தொட வேண்டும்.

பல்ப்பாடம்:
ஈறுகாவலர் அவர்களே, காட்டரி, எலக்ட்ரோசர்ஜரி இரண்டையும் ஒரே பெயரில் சொல்வது எல்லா இடத்திலும் நடக்கிறது. புதியவர்களுக்காகப் பிரித்துச் சொல்லுங்கள், பேஸ்மேக்கர் விஷயமும் சேர்த்து.

ஈறுகாவலர்:
காட்டரியில் கம்பி சூடாகும். மின்சாரம் கம்பியோடு நின்றுவிடும், நோயாளி உடம்புக்குள் போகாது. எலக்ட்ரோசர்ஜரியில் முனை சூடாகாது. மெகாஹெர்ட்ஸ் அளவிலான மின்னோட்டம் திசுவுக்குள் பாய்ந்து, திசுவின் தடையால் சூடு அங்கேயே பிறக்கும். அதனால்தான் மோனோபோலார் (ஒரே முனை உள்ள) கருவிக்கு நோயாளியின் உடம்புக்கு அடியில் தகடு வைக்கிறோம்.

பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மோனோபோலார் வேண்டாம். கம்பி காட்டரி மின்னோட்டத்தை உடம்புக்குள் அனுப்புவதில்லை என்பதால் அவருக்கு அதுவே பாதுகாப்பான தேர்வு. எதுவாக இருந்தாலும் அவருடைய இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எலும்பில் பொருத்திய இம்பிளான்டுக்குப் பக்கத்திலும் மோனோபோலார் முனையைக் கொண்டுபோகக் கூடாது, உலோகம் மின்னோட்டத்தையும் சூட்டையும் எலும்புக்கு இறக்கிவிடும். கம்பி காட்டரியும் இம்பிளான்ட் உலோகத்தைத் தொடாமல் இருக்க வேண்டும்.

எலக்ட்ரோசர்ஜரியில் வெட்டும்போது ஒரே வேகத்தில் இழுங்கள், நொடிக்கு 7 மில்லிமீட்டர் வாக்கில். அதே கோட்டில் திரும்பப் போவதற்கு முன் ஊசி முனையானால் 8 நொடி, வளைய முனையானால் 15 நொடி ஆறவிடுங்கள். வளையம் ஒரே தடவையில் அதிகத் திசுவைத் தொடும், அதனால் அதிக இடைவெளி. முனை பிடித்து இழுத்தால் பவர் குறைவு, தீப்பொறி பறந்து ஈறு கருத்தால் பவர் அதிகம். வாய்க்குள் பிடிக்கும் மவுத் மிரர் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

தீச்சுடர்:
டயோடு லேசர் இருந்தால் இந்தச் சண்டையே வேண்டாமே? அதில் சூடான கம்பி கிடையாது.

ஈறுகாவலர்:
அதிலும் சூடான முனை உண்டு. 810, 940, 980 நானோமீட்டர் டயோடு கதிரைத் தண்ணீர் பெரிதாக உறிஞ்சாது. அதனால்தான் ஃபைபர் நுனியைக் கருப்புத் தாளிலோ கார்க்கிலோ தொட்டுக் கரியேற்றுகிறோம். அந்தக் கரி ஒளியை உறிஞ்சிப் பல நூறு டிகிரிக்குப் போகும், ஈறை வெட்டுவது பெரும்பாலும் அந்தச் சூடான நுனிதான். ஆகவே மேலே சொன்ன விதிகளே அதற்கும்: அழுத்தாதே, நிற்காதே, ஆறவிடு. கரியேற்றாத நுனியைத் திசுமேல் பிடித்தால் ஒளி உள்ளே இறங்கி, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் சூடாக்கும். கண்ணாடி அணிவது லேசருக்கு மட்டும் கூடுதல் விதி, அறையில் இருக்கும் எல்லோருக்கும், நோயாளிக்கும் சேர்த்து.

எந்தக் கருவியானாலும் வெட்டுவதற்கு முன் ஈறின் ஆழத்தை அளந்து பாருங்கள். எலும்பின் விளிம்புக்கும் நீங்கள் விடப்போகும் ஈறின் விளிம்புக்கும் நடுவில் 3 மில்லிமீட்டர் இல்லையென்றால் சூட்டால் எடுப்பது தீர்வில்லை, ஈறு திரும்ப வளரும் அல்லது அழற்சியோடு நிற்கும். அங்கே எலும்பையும் சேர்த்துத் திருத்தும் அறுவைதான். முன்பல்லில் ஈறு மெல்லிசாக இருந்தால் அச்செடுப்பதற்காகச் சுடவே வேண்டாம், ஈறை விலக்கும் நூல் வையுங்கள். இறங்கிய ஈறு திரும்ப ஏறாது.

பால்பல்:
குழந்தைகள் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. பால்பல் பல்பாட்டமியில் (மேல்பகுதிப் பல்ப்பை மட்டும் எடுக்கும் சிகிச்சை) ஃபார்மோகிரிசால் மருந்துக்குப் பதிலாக எலக்ட்ரோசர்ஜரி செய்பவர்கள் உண்டு. கிரீடப் பகுதிப் பல்ப்பை முழுக்க எடுத்து, ஈரப் பஞ்சை அழுத்தி ரத்தத்தை நிறுத்திய பிறகுதான் முனை உள்ளே போக வேண்டும். முனை வேரில் மிஞ்சிய பல்ப் அடிமரத்தைத் தொடக்கூடாது, 1 முதல் 2 மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். ஒரு நொடி பொறி, ஐந்து நொடி ஓய்வு, தேவைப்பட்டால் இன்னொரு தடவை. ஒரு கெனாலுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். பஞ்சை அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லையென்றால் அழற்சி வேருக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதைச் சுட்டு நிறுத்திவிட்டு மேலே மூடினால் பின்னால் வேர் கரைந்துகொண்டு வரும். ரத்தம் சொல்லும் அந்தச் செய்தியைச் சூடு மறைத்துவிடும் என்பதுதான் இந்த முறையில் எனக்கிருக்கும் கவலை. எம்டிஏ (பல்ப்பை மூடும் சிமெண்ட்) கையில் இருந்தால் நான் அதையே சொல்வேன்.

கிருமிநீக்கி:
சிவக்கச் சூடாகும் முனை தானாகவே ஸ்டெரைல் ஆகிவிடும் என்று சிலர் துடைத்து வைத்துவிடுகிறார்கள். சூடாவது கடைசிச் சில மில்லிமீட்டர்தான். அதற்குப் பின்னால் இருக்கும் தண்டிலும் கழுத்திலும் எச்சிலும் ரத்தமும் அப்படியே இருக்கும். மறுபடி பயன்படுத்தும் முனைகளைக் கழற்றி, கரியை ஈரக் காஸால் துடைத்து, தயாரிப்பாளர் அனுமதித்த முறையில் ஆட்டோகிளேவில் போடுங்கள். ஒருமுறைப் பேனாவை ஒருமுறையோடு விடுங்கள்.

கரியைத் துடைக்க ஸ்பிரிட் பஞ்சு வேண்டவே வேண்டாம். சூடான முனையும் ஸ்பிரிட்டும் ஆக்சிஜன் அல்லது நைட்ரஸ் ஆக்சைடு ஓடும் மூக்குக் குழாயும் ஒரே இடத்தில் சேர்ந்தால் நெருப்புக்கு வேறொன்றும் தேவையில்லை. நோயாளி உதட்டில் பூசிய ஸ்பிரிட் கலந்த மருந்து முழுக்க உலர்ந்த பிறகே சுவிட்ச்சைத் தொடுங்கள். புகையை வாய்க்கு வெளியே வந்த பிறகு பிடிக்க முடியாது. ஹை வேக்கம் (வேகமாக உறிஞ்சும் குழாய்) முனை சுடும் இடத்திலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

வேர்நுனி:
நன்றி எல்லோருக்கும். வெந்நீரும் டேமும் என்று முடிவாகிவிட்டது. கிரவுன் இருக்கும் பல்லில் டேமைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பு போடும்போது உலோகக் கிளாம்பு சூட்டைப் பக்கத்துப் பல்லுக்குக் கடத்திக் குழப்புமா?

மேசைவிளக்கு:
பக்கத்துப் பல்லுக்குப் போவதைவிட ஈறைச் சுடுவதுதான் தொந்தரவு. நோயாளி ஈறில் பட்டதைப் பல்வலி என்று சொல்லிவிடுவார். பிளாஸ்டிக் கிளாம்பு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் கிளாம்பே வேண்டாம், பல்லின் இரண்டு பக்கமும் டேம் ஷீட்டில் வெட்டிய துண்டையோ ஃபிளாஸையோ செருகி டேமைப் பிடித்துக்கொள்ளலாம்; ஒரு நிமிட வேலைக்கு அது தாங்கும். ஊற்றுவதற்கு முன் அறை வெப்பத் தண்ணீரை டேமின்மேல் விட்டு, கீழே இறங்குகிறதா என்று நோயாளியிடம் கேளுங்கள். இறங்கினால் டேமைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். மேலே அடைப்பு மருந்து பூசிச் சமாளித்தாலும் வெந்நீர் பட்டதும் இளகிவிடக்கூடும்.